குடும்பப் பெயர் எது? எங்கள் பெயர்களும் எங்கள் பத்திரங்களும்

ஊருக்குத் திரும்பி வந்த முதற் கிழமையிலேயே உங்கள் கையில் பல படிவங்கள் வந்து சேர்ந்திருக்கும். கிராம அலுவலரிடம் ஒரு பதிவு, கரவெட்டிப் பிரதேச செயலகத்தில் ஒரு பதிவு, பிள்ளைகளின் பாடசாலையில் ஒரு பதிவு, நிவாரண நிறுவனங்களிடம் இன்னொரு பதிவு. அவற்றில் சிலவற்றில் 'முழுப் பெயர்' என்று ஓர் இடமும் 'குடும்பப் பெயர்' என்று வேறோர் இடமும் இருக்கும். முழுப் பெயரை யோசிக்காமல் எழுதிவிடலாம். குடும்பப் பெயர் என்ற இடத்தில்தான் பேனை நின்றுவிடும். அப்பாவின் பெயரை எழுதுவதா, கணவரின் பெயரை எழுதுவதா, ஊரின் பெயரை எழுதுவதா?

பலர் ஒரு படிவத்தில் ஒன்றையும் அடுத்த படிவத்தில் மற்றொன்றையும் எழுதிவிடுகிறார்கள். சில மாதங்கள் கழித்து வீட்டுத்திட்டத்துக்கோ காணி அலுவலுக்கோ போகும்போது, "இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆளா?" என்ற கேள்வி வருகிறது. இதில் உங்கள் பிழை எதுவும் இல்லை. தமிழர்களின் பெயர் வழக்கம் ஒரு விதம், படிவத்தைத் தயாரித்தவர்களின் பெயர் வழக்கம் வேறு விதம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் அலுவலகத்தில் தயங்காமல் விளக்கம் சொல்லலாம். அதற்காகவே இந்தப் பகுதியை எழுதியிருக்கிறோம்.

எங்கள் பெயர் எப்படி அமைகிறது?

எங்களிடம் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும் குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை. ஒருவருக்கு வைத்த பெயர் ஒன்று. அதற்கு முன்னால் தந்தையின் பெயர் வரும். கரவெட்டியில் 1932இல் பிறந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியை நீங்கள் அறிவீர்கள். சிவத்தம்பி அவருடைய பெயர். கார்த்திகேசு அவருடைய தந்தையின் பெயர். சுருக்கமாக எழுதும்போது கா. சிவத்தம்பி. இந்த வழக்கத்தில் ஒருவருடைய சொந்தப் பெயரே அடுத்த தலைமுறைக்கு முன்னெழுத்தாகிறது. பாட்டனின் பெயர் பேரனின் பெயரிலிருந்து மறைந்துவிடுகிறது.

பெண்களுக்கு இன்னொரு மாற்றமும் உண்டு. கலியாணத்துக்கு முன் தந்தையின் பெயர் முன்னால் நிற்கும். கலியாணத்துக்குப் பின் பலர் அதை எடுத்துவிட்டுக் கணவரின் பெயரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். இது வழக்கமே தவிர, சட்டம் இதைக் கட்டாயப்படுத்துவதில்லை. தந்தையின் பெயரையே கடைசிவரை வைத்திருக்கும் பெண்களும் உண்டு.

பழைய ஆட்கள் சிலர் ஊரின் பெயரையும் முன்னெழுத்தாக வைத்தார்கள். பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் (1832–1901) ஊர் சிறுப்பிட்டி, தந்தை பெயர் வைரவநாதர். ஆனால் அவருக்கு இன்னொரு பெயரும் இருந்தது. 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் நடத்திய பாடசாலைகளில், பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு வைக்கும் வழக்கம் இருந்தது. தாமோதரம்பிள்ளை அந்த நாட்களில் கிங்ஸ்பரி என்ற பெயராலும் அழைக்கப்பட்டார். அந்தப் பெயரை அவர் பின்னர் விட்டுவிட்டார். ஆனால் கிறிஸ்தவரான அவருடைய மகன் பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்ற பெயரில் அறியப்பட்டார். ஒரே வீட்டில் தந்தைக்கு ஒரு பெயர், மகனுக்கு வேறொரு பெயர். இருவரையும் தெரியாத ஒருவர் பத்திரங்களை மட்டும் பார்த்தால் அவர்களை உறவு என்றே சொல்ல மாட்டார்.

ஒரே குடும்பம், இரண்டு வழக்கம்

தமிழர்களில் எவருக்குமே நிலையான குடும்பப் பெயர் கிடையாது என்றும் சொல்லிவிட முடியாது. சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் சகோதரர்கள். தந்தை பொன்னம்பல முதலியார். ஆகவே இருவருக்கும் முன்னால் பொன்னம்பலம் வருகிறது. அருணாசலத்தின் மகன் பெயர் அருணாசலம் மகாதேவா. பொன்னம்பலம் மறைந்து, அந்த இடத்தில் அருணாசலம் வந்துவிட்டது. இது ஊரில் நாங்கள் எல்லோரும் பின்பற்றும் முறைதான்.

இதே சகோதரர்களின் தாய்மாமன் சேர் முத்து குமாரசுவாமி. குமாரசுவாமி என்பது அவருடைய தந்தையின் பெயர். அவர் ஆங்கிலேயர் எழுதும் முறைப்படி தந்தை பெயரைத் தன் பெயருக்குப் பின்னால் வைத்தார். அவருடைய மகன், கலை ஆய்வாளராக உலகப் புகழ் பெற்ற ஆனந்த குமாரசுவாமி (1877–1947), 'முத்து' என்பதை முன்னெழுத்தாக வைக்கவில்லை. பாட்டனாரின் பெயரையே தொடர்ந்து வைத்திருந்தார். அங்கே ஒரு மனிதரின் சொந்தப் பெயர், ஒரு குடும்பத்தின் பெயராக நிலைத்துவிட்டது.

மாமன் வீட்டில் ஒரு முறை, மருமக்கள் வீட்டில் இன்னொரு முறை. இரண்டும் பிழையில்லை. இன்றைக்கு உங்கள் குடும்பத்திலும் இதுதான் நடந்துகொண்டிருக்கிறது. ஊரில் இருக்கும் சகோதரர் முதல் முறையிலும், வெளிநாட்டில் இருக்கும் சகோதரர் இரண்டாம் முறையிலும் பிள்ளைகளுக்குப் பெயர் எழுதுகிறார்கள்.

பெயர்களின் பொருளும் பத்திரத்தில் வரும் சிக்கலும்

வடமராட்சிப் பெயர்கள் பல கோயில்களையும் நேர்த்திக்கடன்களையும் சொல்பவை. வல்லிபுரக் கோயிலை நினைத்து வல்லிபுரம் என்றும், கதிர்காமத்தை நினைத்துக் கதிர்காமு என்றும், சிதம்பரத்தை நினைத்துச் சிதம்பரப்பிள்ளை என்றும் பெயர் வைத்தார்கள். கந்தையா, வேலுப்பிள்ளை, ஆறுமுகம் எல்லாம் முருகனின் பெயர்கள். பிறந்த குழந்தைகள் தொடர்ந்து தவறினால், அடுத்த குழந்தையாவது தங்கட்டும் என்று பிச்சை, குப்பை என்று பெயர் வைத்ததும் உண்டு. இவை ஏளனப் பெயர்கள் இல்லை. பிள்ளை பிழைக்க வேண்டும் என்ற தவிப்பில் வைத்த பெயர்கள்.

'பிள்ளை' என்பது இங்கே தனிக் குடும்பப் பெயராக நிற்பதில்லை. வேலுப்பிள்ளை, கணபதிப்பிள்ளை, சின்னப்பிள்ளை என்று பெயரோடு ஒட்டியே வரும். ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். இது தெரியாதவர்கள் வேலுப்பிள்ளை என்ற ஒரே பெயரை 'வேலு' என்றும் 'பிள்ளை' என்றும் இரண்டாகப் பிரித்து, பிள்ளையைக் குடும்பப் பெயராகப் பதிந்துவிடுவார்கள். உங்கள் பத்திரத்தில் அப்படி நடந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாதி ஒடுக்குமுறை கடுமையாக இருந்த காலத்தில், ஒடுக்கப்பட்ட குடும்பத்தவர்கள் கந்தன், சின்னான், வள்ளி என்று குறுக்கியே அழைக்கப்பட்டார்கள். பத்திரங்களிலும் அப்படியே எழுதப்பட்டவர்கள் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் தந்தையின் பெயரை மதிப்போடு கந்தையா என்றோ கந்தசாமி என்றோ எழுதினார்கள். உங்கள் பழைய உறுதியில் ஒரு பெயரும், தந்தையின் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயரும் இருப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அலுவலகத்தில் அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. அது உங்கள் குடும்பத்தின் பிழை அல்ல.

மற்றவர்களின் பெயர்கள் எப்படி வந்தன?

படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்ற இடம் ஏன் இருக்கிறது என்பதை அறிய, மற்றவர்களின் வழக்கங்களையும் கொஞ்சம் பார்க்கலாம்.

சிங்கள மக்களில் பலருக்கு 'வாசகம' என்ற பரம்பரைப் பெயர் உண்டு. அது சொந்தப் பெயருக்கு முன்னால் வரும். முதியான்சலாகே, ஆராச்சிகே போன்ற பெயர்களின் கடைசியில் உள்ள 'கே' என்பது வீட்டைக் குறிக்கும். முதியான்சே, ஆராச்சி என்பவை பழைய பதவிப் பெயர்கள். இன்ன பதவிக்காரரின் வீட்டைச் சேர்ந்தவர் என்பது பொருள்.

பெரேரா, சில்வா, பெர்னாண்டோ போன்ற பெயர்கள் போர்த்துக்கேயர் காலத்தில் வந்தவை. ஞானஸ்நானத்தின்போது பலருக்கு இவை வைக்கப்பட்டன. போர்த்துக்கேய மொழியில் பெரேரா என்பதன் மூலச்சொல் பேரி மரத்தைக் குறிக்கும். சில்வா காட்டைக் குறிக்கும். சிங்களவரிலும் தமிழ்க் கத்தோலிக்கரிலும் இப்பெயர்கள் தலைமுறை மாறாமல் வருகின்றன.

முஸ்லிம் மக்கள் எங்களைப் போலத் தந்தையின் பெயரைச் சேர்ப்பார்கள். மரைக்கார், லெப்பை போன்ற பெயர்கள் பல குடும்பங்களில் தொடர்ந்து வருகின்றன. மரைக்கார் என்பதை மரக்கலத்தோடு தொடர்புபடுத்திச் சொல்வார்கள்.

ஆங்கிலேயரின் பெயர்களில் தொழிலும் உண்டு, தந்தையும் உண்டு. ஸ்மித் என்றால் கொல்லர். ஜோன்சன் என்றால் ஜோனின் மகன். ஒரு காலத்தில் இவை ஒவ்வொரு ஆளுக்கும் மாறின. பின்னர் அப்படியே உறைந்து, கொல்லுத் தொழில் தெரியாதவரும் ஸ்மித் ஆனார். சீனர்கள் குடும்பப் பெயரை முன்னால் எழுதுவார்கள். ஐஸ்லாந்து நாட்டில் இன்றைக்கும் பெரும்பாலானோருக்கு நிலையான குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரோடு 'மகன்' அல்லது 'மகள்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அண்ணனுக்கும் தங்கைக்கும் கடைசிப் பெயர் வேறுபடும். தொலைபேசிப் புத்தகத்திலும் சொந்தப் பெயரின் வரிசையிலேயே பெயர்களைப் போட்டார்கள். அந்த நாட்டின் அரசாங்கமும் அலுவலகங்களும் இதனால் குழம்பிப்போய்விடவில்லை.

பல நாடுகளில் குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கியது அரசாங்கம்தான். வரி எடுக்கவும் படைக்கு ஆள் சேர்க்கவும் ஆட்களை அடையாளம் காண வேண்டியிருந்தது. நெதர்லாந்தில் 1811இல் நெப்போலியனின் ஆட்சியில் இதற்குக் கட்டளை பிறந்தது. துருக்கியில் 1934இல் சட்டம் கொண்டுவந்தார்கள். ஆகவே படிவத்தில் இருக்கும் அந்த வெற்றிடம் உலகப் பொதுவான ஒன்றல்ல. சில நாடுகளின் பழக்கம் படிவத்தின் வழியாக எல்லா நாடுகளுக்கும் போய்விட்டது.

யாழ்ப்பாணத்துக்கு ஆட்பதிவும் காணிப்பதிவும் புதியவை அல்ல. 'தோம்பு' என்று நாங்கள் சொல்லும் சொல்லே போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. பதிவேடு என்பது அதன் பொருள். 1619இல் வந்த போர்த்துக்கேயரும் 1658இல் வந்த ஒல்லாந்தரும் காணிகளையும் ஆட்களையும் தோம்புகளில் பதிந்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில், 1867இல், பிறப்பு இறப்புப் பதிவு தொடங்கியது. இத்தனை பதிவுகளுக்குப் பிறகும் எங்கள் பெயர் வழக்கம் மாறவில்லை.

காணி தாய் வழி, பெயர் தந்தை வழி

கரவெட்டிக்குத் திரும்பியுள்ள குடும்பங்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய பகுதி இது.

1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை, யாழ்ப்பாணத்தவரின் சொத்தை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று பிரிக்கிறது. பெண்பிள்ளைக்கு வீடும் காணியும் சீதனமாகக் கொடுப்பது இன்றும் தொடரும் வழக்கம். பல குடும்பங்களில் வீட்டுக்காணி அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து மகளுக்கும் வருகிறது. ஆனால் பெயருக்கு முன்னால் வருவது தந்தையின் பெயர் அல்லது கணவரின் பெயர். காணி ஒரு வழியில் போகிறது, பெயர் இன்னொரு வழியில் போகிறது. அதனால் உறுதிகளில் ஒவ்வொரு தலைமுறையிலும் பெயர் மாறுகிறது.

ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம்.

அம்மம்மாவின் பெயர் நாகமுத்து. தந்தை சின்னத்தம்பி. அவருக்குச் சீதனம் எழுதிய உறுதியில் 'சின்னத்தம்பி மகள் நாகமுத்து' என்று இருக்கிறது. அவர் வேலுப்பிள்ளையை மணந்தார். பிறகு அவர் தன் மகளுக்குக் காணியைக் கொடுத்தபோது எழுதிய உறுதியில் 'வேலுப்பிள்ளை மனைவி நாகமுத்து' என்று இருக்கிறது.

மகள் பரமேஸ்வரி. பிறப்புச் சான்றிதழில் வேலுப்பிள்ளை பரமேஸ்வரி. கலியாணத்துக்குப் பின் கந்தையா பரமேஸ்வரி.

பேத்தி சிவகௌரி. பாடசாலைச் சேர்வு இடாப்பில் கந்தையா சிவகௌரி. அடையாள அட்டையில் இராசதுரை சிவகௌரி.

இப்போது சிவகௌரி ஊருக்குத் திரும்பி வந்து, "இது என் அம்மம்மாவின் காணி" என்று சொல்கிறார். அவர் கையில் இருக்கும் பத்திரங்களில் சின்னத்தம்பி, வேலுப்பிள்ளை, கந்தையா, இராசதுரை என்று நான்கு ஆண்களின் பெயர்கள் இருக்கின்றன. அம்மம்மாவுக்குச் சீதனம் எழுதியபின் அந்தக் காணி இந்த நால்வரில் ஒருவருக்கும் சொந்தமாக இருக்கவில்லை. காணிக்குச் சொந்தக்காரரான மூன்று பெண்களின் சொந்தப் பெயர்களில் ஒன்றோடொன்று பொருந்தும் ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் காணி ஒரே வளவுதான். உரிமையும் அறாமல் வந்திருக்கிறது.

இந்த இடைவெளிகளை நிரப்புவது பிறப்புச் சான்றிதழும் விவாகச் சான்றிதழும்தான். சிவகௌரியின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் பரமேஸ்வரி என்று இருக்கும். பரமேஸ்வரியின் விவாகச் சான்றிதழ், வேலுப்பிள்ளை மகளான பரமேஸ்வரியே கந்தையாவை மணந்தார் என்று காட்டும். பரமேஸ்வரியின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் நாகமுத்து என்று இருக்கும். சங்கிலிபோல ஒன்றை மற்றொன்றில் கோர்த்தால், அம்மம்மா வரை போய்விடலாம். இலங்கைப் பிறப்புச் சான்றிதழில், பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயரும் பிறந்த ஆண்டும் இடமும் எழுதப்பட்டிருக்கும் என்பதையும் கவனியுங்கள். ஒரே தாளில் மூன்று தலைமுறை கிடைக்கும்.

உறுதியில் உள்ள எல்லைகளையும் வாசித்துப் பாருங்கள். கிழக்கே இன்னாருடைய காணி, மேற்கே இன்னாருடைய காணி என்று எழுதியிருக்கும். அந்தப் பெயர்களும் பழைய தலைமுறையின் பெயர்களே. இன்றைக்கு அந்த வளவில் இருப்பவரின் பெயர் வேறாக இருக்கலாம். அயலவரின் பாட்டனார் பெயரைக் கேட்டு எழுதிவைத்தால் எல்லைத் தகராறு பலவற்றைத் தவிர்க்கலாம்.

இடம்பெயர்ந்தபோது மாறிய பெயர்கள்

இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் பெயர்கள் மேலும் பல விதமாக மாறியிருக்கும்.

முகாம்களில் அவசரமாகப் பதிந்தபோது, வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லியிருப்பீர்கள். அல்லது பக்கத்தில் நின்ற ஒருவர் சொல்லியிருப்பார். சிங்களத்தில் எழுதிய பெயரை ஆங்கிலத்துக்கும், அதிலிருந்து தமிழுக்கும் மாற்றும்போது எழுத்துகள் மாறியிருக்கும். கந்தையா என்ற பெயரை ஆங்கிலத்தில் 'டீ' எழுத்தில் எழுதுபவரும் உண்டு, 'ரீ' எழுத்தோடு 'எச்' சேர்த்து எழுதுபவரும் உண்டு.

தமிழ்நாட்டில் இருந்துவிட்டு வந்தவர்களின் பத்திரங்களில் 'ராசா' என்பது 'ராஜா' என்று மாறியிருக்கலாம். அங்கே பிறந்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் தனியாகவும் பெற்றோரின் பெயர்கள் தனியாகவும் இருக்கலாம். அந்தப் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் பதிந்தீர்களா என்று பாருங்கள். பதியாவிட்டால் பிள்ளையின் பிரசாவுரிமை அலுவலைத் தள்ளிப்போட வேண்டாம். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் விண்ணப்பிக்கும் முறையைப் பிரதேச செயலகத்தில் கேட்டறியவும்.

வெளிநாடுகளில் உள்ள உறவினரின் பெயர் தலைகீழாக இருக்கும். எங்கள் கற்பனைக் குடும்பத்தில் கந்தையாவுக்குச் சிவநேசன், சிவபாலன் என்று இரண்டு ஆண்பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் இருக்கும் சிவநேசனின் பிள்ளைகளுக்கு முன்னால் 'சிவநேசன்' வரும். கனடாவிலோ நோர்வேயிலோ இருக்கும் சிவபாலனுக்குக் கந்தையா என்பது குடும்பப் பெயராகப் பதியப்பட்டிருக்கும். அவருடைய பிள்ளைகளும் 'கந்தையா' என்ற பெயரையே கடைசியில் வைத்திருப்பார்கள். அண்ணன் தம்பியின் பிள்ளைகளுக்குப் பெயரில் ஒற்றுமையே இருக்காது. சிவபாலன் உங்களுக்கு அற்றோணித் தத்துவம் அனுப்பும்போது, உறுதியில் உள்ள பெயரையும் கடவுச்சீட்டில் உள்ள பெயரையும் இரண்டையுமே அதில் எழுதச் சொல்லுங்கள். 'இன்னார் என்றும் அழைக்கப்படும் இன்னார்' என்று ஒரு வரி சேர்த்தால், பிறகு வரும் பல மாத அலைச்சல் மிச்சமாகும்.

கணவரோ தந்தையோ உடன் இல்லாத குடும்பங்களுக்கு

கணவர் இறந்துவிட்டதால் அல்லது காணாமற் போய்விட்டதால் பெயரை மாற்ற வேண்டுமா என்று சில சகோதரிகள் கேட்கிறார்கள். மாற்றத் தேவையில்லை. உங்கள் பெயருக்கு முன்னால் இருக்கும் கணவரின் பெயர், அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதைப் பற்றிய அறிவித்தல் அல்ல. பிள்ளையின் பெயரில் உள்ள தந்தையின் பெயரும் அப்படியே. காணாமற் போனவரின் பெயரைத் தொடர்ந்து எழுதுவதற்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை. அந்தப் பெயரை எடுத்துவிடும்படி யாரும் உங்களை வற்புறுத்தவும் முடியாது. எடுக்க விரும்பினால் அதுவும் உங்கள் விருப்பம்.

காணி விடயத்தில் மட்டும் ஒன்றை அறிந்திருங்கள். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் சொந்தக் காணியை விற்கவோ கொடுக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச்சட்டம் சொல்கிறது. கணவரின் இருப்பிடம் தெரியாத நிலையில் மாவட்ட நீதிமன்றத்தில் மனுச்செய்து அனுமதி பெறவும் அதே சட்டம் இடமளிக்கிறது. இதைப் பற்றிச் சட்டத்தரணி ஒருவரிடம் ஆலோசனை பெற்றுக்கொள்ளவும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரையே அடிப்படையாகக் கொள்ளுங்கள். எல்லாப் படிவங்களிலும் அதே எழுத்துகளோடு எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி என்று ஒருமுறை முடிவு செய்து, அதை ஒரு தாளில் எழுதிக் கையோடு வைத்திருங்கள்.

2. முன்னெழுத்தை விரித்து எழுதுங்கள். 'க. சிவகௌரி' என்று மட்டும் எழுதினால், 'க' என்பது கந்தையாவா கணபதிப்பிள்ளையா என்று பிறகு யாருக்கும் தெரியாது.

3. குடும்பப் பெயர் கேட்கும் இடத்தில் தந்தையின் பெயரை எழுதலாம். கணவரின் பெயரைப் பயன்படுத்துபவர் அதை எழுதலாம். எதை எழுதினாலும் எல்லா இடங்களிலும் அதையே எழுதுங்கள். ஐயம் இருந்தால் உத்தியோகத்தரிடம், "எங்களுக்குப் பரம்பரைப் பெயர் இல்லை, இது தந்தையின் பெயர்" என்று சொல்லுங்கள்.

4. அடையாள அட்டை இலக்கத்தைக் குடும்பத்தில் எல்லோருக்கும் எழுதிவையுங்கள். பெயர் மாறினாலும் ஆளைக் காட்டுவது அந்த இலக்கம். பழைய ஒன்பது இலக்க முறையில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். அட்டை தொலைந்தாலும் இலக்கம் தெரிந்தால் அலுவல் இலகுவாகும்.

5. பெயர் பொருந்தாத இரண்டு பத்திரங்கள் இருந்தால், இரண்டும் உங்களுடையவையே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி ஒன்று முடித்துக்கொள்ளலாம். எந்தெந்தப் பத்திரத்தில் எந்தெந்தப் பெயர் என்று அதில் விபரமாகக் குறிப்பிடுங்கள்.

6. பிறப்புச் சான்றிதழில் உண்மையான பிழை இருந்தால், பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தத்துக்கு விண்ணப்பிக்கவும். அடையாள அட்டைத் திருத்தத்துக்குக் கிராம அலுவலர் ஊடாக விண்ணப்பிக்கவும். பதிவு தேடியும் கிடைக்காதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழைப் பற்றியும், பிறப்பே பதியப்படாதவர்கள் காலங்கடந்த பதிவைப் பற்றியும் அங்கே கேட்கவும்.

7. உறுதி தொலைந்திருந்தால் மனம் தளர வேண்டாம். நொத்தாரிசு எழுதும் உறுதியின் பிரதி ஒன்று காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுவது வழக்கம். உறுதி இலக்கம், எழுதிய திகதி, நொத்தாரிசின் பெயர், காணியின் பெயர் ஆகியவற்றில் தெரிந்ததை எழுதிக்கொண்டு போங்கள். அம்மம்மாவின் பெயரைக் கேட்கும்போது, கலியாணத்துக்கு முந்திய பெயரையும் பிந்திய பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு பெயரில் தேடிக் கிடைக்காதது மற்றப் பெயரில் கிடைக்கக்கூடும்.

8. பத்திரத்தில் உள்ள பெயரை ஒருபோதும் நீங்களே பேனையால் திருத்த வேண்டாம். நல்ல நோக்கத்தோடு திருத்தினாலும் அந்தப் பத்திரம் செல்லாமற் போய்விடும். மூலப் பிரதிகளை எவரிடமும் விட்டுவராமல், நிழற்பிரதிகளைக் கொடுங்கள்.

வீட்டில் இருந்து எழுதவேண்டிய ஒரு தாள்

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்றைக்கு இரவு, வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால் அவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். அம்மம்மா, அப்பம்மா, தாத்தாமார் ஒவ்வொருவருக்கும் முழுப் பெயர் என்ன? அவர்களின் தந்தையர் பெயர் என்ன? யார் யாரை மணந்தார்கள்? வீட்டில் கூப்பிட்ட பெயர் என்ன? எந்தக் கோயிலில் கலியாணம் நடந்தது? எந்த வளவு யாருக்குச் சீதனமாகப் போனது? வளவின் பெயர் என்ன, எத்தனை பரப்பு?

எங்கள் வழக்கத்தில் பாட்டனின் பெயர் பேரனின் பெயரில் இருப்பதில்லை. அதைக் குடும்பத்தினர்தான் நினைவில் வைத்திருந்து சொல்லிவந்தார்கள். இடப்பெயர்வுகளில் அந்த ஆட்களும் பிரிந்துபோனார்கள், பத்திரங்களும் தொலைந்துபோயின. மிஞ்சியிருக்கும் மூத்தவர் ஒருவருக்குத் தெரிந்ததை இப்போதே எழுதிவைத்தால், நாளைக்குப் பதிவாளரின் மேசைக்கு முன்னால் உங்கள் பிள்ளைக்கு அது உதவும். எழுதிய தாளின் ஒரு பிரதியை வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கும் அனுப்பிவையுங்கள். இன்னொரு பிரதியை இந்தக் கையேட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.